இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர்

கண்ணாடி அக்கா கண்ணாடி போடுவதில்லை. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைத் தாண்டி, குடுவைகள் அடுக்கிய தட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போவார். அவர்தான். கூடத்தில் இருக்கும் கண்ணாடிச் சாமான் அத்தனையையும் பத்தொன்பது வருஷமாகக் கழுவுகிறவர்.

என் மேசை வாசலை ஒட்டி இருக்கிறது. சோதனைக்கு மாதிரியாக வெளியிலிருந்து வரும் தண்ணீர் பாட்டில்களை வாங்கி, எண் ஒட்டி, கணினியில் ஏற்றுவது என் வேலை. எதிரே அலசும் அறையின் ஜன்னல். எனக்குப் பேச்சு குறைவு. ஜன்னல் இருந்தது, போதுமாக இருந்தது.

அந்த அறையில் மூன்று தொட்டிகள். முதலாவதில் சோப்பு நீர், இரண்டாவதில் குழாய்த் தண்ணீர், மூன்றாவதில் காய்ச்சி வடித்த நீர். முதல் இரண்டுக்கும் அக்கா ரப்பர் கையுறை போடுவார். மூன்றாவதுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன்.

"உறை போட்டா கண்ணாடி பேசாது தம்பி" என்றார். ஈரக் குடுவையின் கழுத்தில் விரலை வைத்து இழுத்தார். கீச்சென்றது. "கேட்டீங்களா? சுத்தமாயிட்டேன்னு சொல்லுது."

எல்லாச் சாமானிலும் அவருக்குப் பிடித்தது ப்யூரெட். கை நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். உடம்பெல்லாம் அளவுக் கோடுகள், அடியில் ஒரு குட்டித் திருகு. குழாயில் கரைசலை நிரப்பி, கீழே வைத்திருக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒரு சாயம் சேர்த்ததால் சிவந்திருக்கும் தண்ணீர் நீலமாக மாறுகிற சொட்டில் திருகை மூடி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கோட்டைப் பார்த்துக் குறிப்பார்கள். அந்தத் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

ப்யூரெட்டுக்குள் விரல் நுழையாது. அதற்கென்று நீளக் காம்பு வைத்த இரண்டு தூரிகைகள் உண்டு. ஒன்று சோப்புக்கு. இன்னொன்று கடைசித் தொட்டிக்கு மட்டும்; அதில் சோப்பே படக் கூடாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தக் கடைசித் தூரிகையை அக்கா வெறும் விரல்களால் கோதிவிடுவார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குச் சிக்கெடுக்கிற மாதிரி, நுனியிலிருந்து மேலே. கோதி முடித்து ஆணியில் மாட்டி, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

இது அவருடைய வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் பிற்பாடு யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. உதவியாளர் பதவி. பரிசோதனை மேசைக்கு முன்னால் நிற்கிற வேலை.

"பத்தொன்பது வருஷமா நான் கழுவிக் குடுக்குறேன், அவங்க அழுக்காக்கித் திருப்பிக் குடுக்குறாங்க. நடுவுல என்னதான் நடக்குதுன்னு ஒரு தடவையாவது நானே பாக்கணும் தம்பி. அவ்வளவுதான்."

அதற்கு வருஷத்துக்கு ஒரு முறை தேர்வு வைப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல். நாற்பத்தைந்து வயது வரைதான் எழுதலாம். தேர்வு நடக்கும் நாளில் அக்காவுக்கு நாற்பத்து நான்கு வருஷம் எட்டு மாதம் ஆகியிருக்கும். இந்த முறை விட்டால் அவ்வளவுதான். எழுதுவதற்கே தலைமை வேதியியலாளரின் பரிந்துரை வேண்டும். அந்தப் பரிந்துரைப் படிவத்தில் நான்காவது வரி: "இவ்வாண்டில் இவர் பெயரில் தவறுப் பதிவு ஏதும் உண்டா?" உண்டு என்று எழுதப்பட்ட யாரும் இதுவரை தேர்வு அறைக்குப் போனதில்லை.

வேதியியல் அக்காவைப் பள்ளியிலேயே ஒரு முறை கீழே தள்ளிய பாடம். இப்போது அதைப் போனில் படித்தார். உலர்த்தும் அடுப்பு ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிஷம் எடுக்கும். அந்த நேரத்தில் போனைக் கண்ணாடி போலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்து, குழாயின் கழுத்தில் தொங்கவிட்டு, ஈரக் கையாலேயே தட்டுவார். ஒவ்வொரு பாடமும் ஆறு நிமிஷம். திரையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, ஒரு கை. முகமே வராது. குரல் மட்டும்.

"எங்க கை டீச்சர்" என்பார் அக்கா. "நேத்து கை டீச்சருக்கு சளி பிடிச்சிருந்துது, பாவம்."

முதல் ஐந்து அத்தியாயங்களை எப்படியோ தாண்டிவிட்டார். ஆறாவது அத்தியாயம் மூலக்கூறுகளுக்கு இடையேயான விசைகள். பதினொரு பாடங்கள். அதில் வந்து மாட்டிக்கொண்டார். இரண்டாம் பாடத்தையே நான்கு முறை பார்த்தார். ஐந்தாம் முறை பார்த்த அன்று என் ஜன்னலைத் தட்டினார்.

"தம்பி, தண்ணி கொதிக்கும்போது உடையாதாமே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கொதிச்சா ஹைட்ரஜன் ஒரு பக்கம், ஆக்ஸிஜன் ஒரு பக்கம்னு பிரிஞ்சு ஆவியா போகுதுன்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன். அப்படி இல்லையாம். தண்ணி தண்ணியாவேதான் மேல போகுதாம். ஒண்ணு பக்கத்துல இருந்த இன்னொண்ணோட கையை விடுது, அவ்வளவுதானாம்."

"ஆமாக்கா."

"அப்போ ரெண்டு விதமான கட்டு இருக்கு. உள்ள இருக்குறது குடும்பம். வெளிய இருக்குறது பஸ்." கையை உதறிக்கொண்டே யோசித்தார். "பஸ்ல யாரும் யாருக்கும் சொந்தமில்ல. ஆனா பிரேக் போட்டா பக்கத்துல நிக்கிறவங்க தோளைத்தானே பிடிக்கிறோம்? அந்தப் பிடிதான் இந்த அத்தியாயம் மொத்தமும்."

எந்தப் புத்தகத்திலும் நான் இப்படிப் படித்ததில்லை. என்றாலும் வழக்கம்போல "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி சாப்பிடும்போதும் காதில் வயரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நாள் சொன்னாராம்: "ரெண்டு மூலக்கூறுக்கு நடுவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போற? நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல என்ன நடக்குதுன்னே எனக்கு இன்னும் பிடிபடல."

"அதுக்குப் பலவீனமான விசைன்னு பேரு. ஆனா நூறு டிகிரி வரைக்கும் கொதிக்க வெச்சாத்தான் பிரியும்" என்றாராம் இவர். அந்த மனிதர் அன்று இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தானே கழுவி வைத்ததாகக் கேள்வி.

பத்தொன்பது வருஷத்துத் தண்ணீர் அக்காவின் கைகளில் எழுதி வைத்திருந்தது. விரல் கணுக்களில் வெடிப்பு. மணிக்கட்டு வரை தோல் வெளுத்து, காய்ந்த ஏரித்தரை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு க்ரீம் கொண்டுவந்து கொடுத்தாள். வெளிர்நீல ட்யூப். திங்கட்கிழமை காலையில் அக்கா அதை எனக்குக் காட்டினார்.

"சாதாரண க்ரீம் இல்லையாம். பத்து தடவை கை கழுவுனாலும் போகாதாம். தண்ணியை உள்ள விடாதாம். என் பொண்ணு சொல்றா, அம்மா உன்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சதுன்னு."

பெருமையாக ஒரு விரல் எடுத்து என் புறங்கையிலும் தடவிவிட்டார். அது சாயங்காலம் வரை போகவில்லை. உண்மைதான்.

அதே திங்கட்கிழமைதான் நான்காம் மேசைக்கு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். படிப்பை முடித்து நேராக வந்தவள். இரண்டே நாளில் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு மாதம் பார்ப்பார்கள். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம்.

சரியாகச் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தண்ணீரையும் மூன்று முறை சோதிக்க வேண்டும். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். புதுசுக்கு மூன்றும் மூன்று திசையில் போயின. முதல் வாரம் அவ்வப்போது. இரண்டாவது வாரம் அடிக்கடி. மூன்றாவது வாரம் அவள் மேசையில் தாள்கள் அடித்தல் திருத்தலால் கறுத்துக் கிடந்தன.

"ப்யூரெட்டோட சுவத்துல சொட்டு ஒட்டிக்கிட்டே நிக்குது சார்" என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவள் சொன்னது பூட்டு சாரிடம். கூடத்திலேயே மூத்த பரிசோதகர் அவர். தனக்கென்று ஒரு ப்யூரெட்டைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். அதைத் தானே கழுவுவார், வேறு யார் கையும் பட விடமாட்டார். அப்போது கூடத்தில் ப்யூரெட் வேலை அவருக்கும் நான்காம் மேசைக்கும் மட்டும்தான்.

"திருகை அவசரமாத் திறந்தா சொட்டு நிக்கத்தான் செய்யும்" என்றார். "கண்ணாடியைக் குத்தம் சொல்லாதம்மா. கையைப் பாரு."

பிறகு அவளுடைய தண்ணீரையே எடுத்து, தன் ப்யூரெட்டில் மூன்று முறை சோதித்தார். மூன்றும் ஒன்றுபோல வந்தன. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கோளாறு புதுசின் கையில் என்று முடிவாயிற்று. அவள் செய்த தண்ணீர்களையெல்லாம் பூட்டு சாரே மறுபடி செய்து அறிக்கை அனுப்பினார். புதுசு வீட்டிலிருந்து ஒரு மருந்துச் சொட்டுப் போத்தலைக் கொண்டுவந்து, மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தன் வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் திரைக்குத் திரும்பிக்கொண்டேன்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா ஏழாம் பாடத்துக்கு வந்திருந்தார். அவருக்கு அன்று நல்ல மனநிலை. ஆறாம் பாடத்தில் லண்டன் விசை என்று ஒன்று வந்திருந்தது. "எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஊருக்கு என் குடுவைக்குள்ள என்ன வேலைன்னு கேட்டேன் தம்பி. ஊரு இல்லையாம், ஆளோட பேராம்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

ஜன்னல் வழியே பாடத்தின் குரல் மெல்லியதாகக் கேட்டது. கை டீச்சர் இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று சுத்தமானது. மற்றதில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர். சுத்தமான கண்ணாடியில் அது பரவிப் படர்ந்தது. மெழுகின் மேல் உருண்டு முத்தாக நின்றது.

"கண்ணாடியோட மேல்பரப்பு தண்ணியோட கையைப் பிடிக்கும்" என்றது குரல். "மெழுகு பிடிக்காது. பிடிக்க ஆளில்லாத தண்ணி தன்னைத்தானே கட்டிக்கிட்டு உருண்டையாயிடும். பார்க்க அழகா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. சொட்டு உருண்டு நின்னா, நடுவுல வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

அக்கா பாடத்தை நிறுத்தினார். பிளாஸ்டிக் பையின் மேல் அவருடைய விரல் அப்படியே இருந்தது. பிறகு அலசும் அறையை விட்டு வெளியே வந்து, நேராக நான்காம் மேசைக்குப் போனார். புதுசு ப்யூரெட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். கரைசல் கீழே இறங்க இறங்க, குழாயின் உள்சுவரில் சொட்டுகள் தங்கிக்கொண்டே வந்தன. சின்னச் சின்ன முத்துகள். கீழே விழாத அந்தச் சொட்டுகளும் விழுந்துவிட்டதாகவே அளவுக் கோடு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்னக்கா?" என்றாள் புதுசு, பயந்துபோய். யார் பக்கத்தில் வந்து நின்றாலும் அவளுக்கு இப்போது பயம்தான்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ செய்."

ப்யூரெட்டுக்குள் தண்ணீர் இறங்குவதை அக்கா இதுவரை நின்று பார்த்ததே இல்லை என்பது பிறகு யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கடைசித் தொட்டியிலிருந்து எடுத்ததும் தலைகீழாக மாட்டிவிடுவார். காய்ந்த பிறகுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். காய்ந்த கண்ணாடி எதையும் காட்டிக்கொடுக்காது. விரலை உள்ளே விட்டுக் கீச்சென்று கேட்டுப் பார்க்கவும் வழியில்லை.

திரும்பி வந்தவர் ஆணியில் தொங்கிய தூரிகையை எடுத்தார். கோதப்போனவர் மாதிரி விரல்களைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். விரல்களைப் பார்த்தார். தூரிகையைப் பார்த்தார்.

அன்று பிற்பகல் இரண்டு ப்யூரெட்களை, மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினார். கட்டுப் பிரிக்காத புதுத் தூரிகை ஒன்றைக் கொண்டுவந்து ஒன்றுக்குள் விட்டார். பழைய தூரிகையை மற்றதற்குள் விட்டார். இரண்டிலும் வடித்த நீரை நிரப்பித் திருகுகளைத் திறந்தார். ஒன்றில் தண்ணீர் திரைச்சீலையைக் கழற்றுகிற மாதிரி முழுசாக இறங்கிற்று. மற்றதில் முத்து முத்தாக நின்றது. நான்கு தடவை செய்தார். நான்கு தடவையும் அதேதான்.

பழைய தூரிகையைக் குப்பைக்கூடையில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து எடுத்தார். ஒரு செய்தித்தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்ற ப்யூரெட்கள் அத்தனையையும் ஊறப்போட்டார். வெளிர்நீல ட்யூபை அன்று வெளியே எடுக்கவில்லை.

புதன்கிழமை புதுசின் அளவுகள் ஒன்றாக வந்தன. முதல் தண்ணீருக்கு. இரண்டாவதுக்கு. பத்தாவதுக்கும். அவள் நம்பாமல் மறுபடி மறுபடி செய்து பார்த்தாள்.

"ரெண்டு வார்த்தை அழுத்திச் சொன்னதும் கை நேராயிடுச்சு பாத்தீங்களா?" என்றார் பூட்டு சார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா தொட்டியில் குனிந்திருந்தார். நிமிரவில்லை. யாருக்கும் தெரியாது, கோளாறு வந்த வழியே போய்விட்டது. அத்துடன் முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் நானும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை மேடம் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். மேடம்தான் எங்கள் தலைமை வேதியியலாளர். சத்தம் போடாதவர், ஆனால் எழுதியதை மாற்றாதவர். ஒரு நாள் சரியாக வந்ததை வைத்து மூன்று வாரத்தை அழிக்க முடியாது என்று அவர் முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருந்தார். கடிதம் நான்கே வரி. நான் கடைசி வரியில் இருந்தபோது ஜன்னல் பக்கம் அக்கா.

"புதுசுக்கா?"

தலையசைத்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

வாய்விட்டுப் படித்தேன். "பரிசோதனைக்குத் தேவையான கைநேர்த்தி இவரிடம் இல்லாததால்..."

"கையா?" என்றார் அக்கா.

தன் இரண்டு கைகளையும் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். இரண்டு நாள் க்ரீம் இல்லாமல் வெடிப்புகள் மறுபடி வாயைத் திறந்திருந்தன. சொல்லத் தொடங்கினார். தூரிகை, கோதுவது, ட்யூப், ஏழாம் பாடம். மொத்தமும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எனக்குப் பரிந்துரைப் படிவத்தின் அந்த நான்காவது வரிதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா... இந்த வருஷம் உங்க பேர்ல தவறுப் பதிவு ஏறிட்டா..."

"தெரியும் தம்பி. அந்தப் படிவத்தை நாலு வருஷமா எடுத்து எடுத்துப் படிச்சவ நான்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "புதுசா படிக்க அதுல ஒண்ணுமில்ல."

"அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். அதுவும் தெரியும்." விரல்களை மடக்கினார். "நேத்து முழுக்க எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன்: அதான் சரியாயிடுச்சே, அப்புறம் என்னன்னு. ஆனா அந்தப் பொண்ணு வேற எடத்துல போய் நிக்கும்போது கூட அது தன் கையைத்தானே சந்தேகப்படும்? அந்தக் கடுதாசியை அச்சு எடுக்காதீங்க. ஒரு அரை மணி நேரம் குடுங்க."

அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டதாக மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். வேலைக்கு வந்ததிலிருந்து நான் சொன்ன முதல் பொய் அது.

அக்கா இரண்டு ப்யூரெட்களையும், செய்தித்தாளில் சுற்றிய தூரிகையையும், ட்யூபையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார், கதவைத் திறந்து பிடிப்பதற்கு. உள்ளே பூட்டு சார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். புதுசையும் வரச் சொன்னார்கள்.

அக்கா தட்டை மேசையில் வைத்தார். முதலில் காட்டினார். திரைச்சீலை. முத்துகள். பிறகு தூரிகையையும் ட்யூபையும் எடுத்து வைத்து, கோதும் வழக்கத்தைச் சொன்னார்.

"மூணு வாரமா எல்லாரையும் அலைய விட்டது இந்த ட்யூபா?" என்றார் பூட்டு சார்.

"ட்யூப் என்ன பண்ணும் சார்? தடவுன கை என்னுது."

மேடம் சொட்டுகள் நின்ற குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் நிக்குதுன்னு சொல்லுங்க."

"தண்ணிக்கு எப்பவும் பிடிச்சிக்க ஒரு கை வேணும் மேடம். சுத்தமான கண்ணாடி கை குடுக்கும், தண்ணி அதைப் பிடிச்சிக்கிட்டுப் பரவிடும். இடையில க்ரீம் வந்துட்டா அது கண்ணாடியோட கையை மூடிடுது. க்ரீமுக்குத் தண்ணியைப் பிடிக்கத் தெரியாது. அப்போ தண்ணிக்கு வேற வழியில்ல, தன்னையே இறுக்கிக் கட்டிக்கிட்டு அங்கேயே உக்காந்துடுது."

"ஹைட்ரஜன் பிணைப்பு" என்றார் மேடம் மெதுவாக.

"ஆமா மேடம். பரீட்சையில அந்தப் பேரைத்தான் எழுதணும்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அக்காவுக்கே உறைத்தது போல. தலையைக் குனிந்துகொண்டார்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"போன்ல வர்ற பாடம் மேடம். ஆறு நிமிஷம்."

"நான் இதை வருஷத்துக்கு ஒரு தடவை உதவியாளர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்றேன்" என்றார் மேடம். அதற்கு மேல் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் எதிர்பார்த்தது, புதுசு ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று. அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். "மூணு வாரமா என் கையை நானே திட்டிட்டு இருந்தேன்க்கா" என்றாள். வெளியே போய்விட்டாள். இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கழுவ வேண்டிய ப்யூரெட்டைக் கொண்டுவந்து நீட்டி, "அந்த ஏழாம் பாடத்தை எனக்கும் அனுப்புங்க" என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த சமாதானம்.

கடிதம் கிழிபட்டது. தவறுப் பதிவுப் படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, தவறுக்குக் காரணமானவர். அதற்குக் கீழே, தவறைக் கண்டுபிடித்தவர். முதல் கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் எழுத வேண்டிய பெயரும் அதுவே. பேனாவை வைத்துவிட்டு மேடத்திடம் கேட்டேன்.

"பழைய படிவங்கள்ல இப்படி எங்கயாவது இருக்கா, பாருங்க" என்றார்.

பதினொரு வருஷத்துக் கோப்புகளைப் புரட்டினேன். காரணமானவர் ஒருவர் இருப்பார், கண்டுபிடித்தவர் எப்போதும் வேறொருவர். ஒரே பெயர் ஒரு தாளிலும் இல்லை.

"எழுதுங்க" என்றார் மேடம்.

பரிந்துரைப் படிவத்தை அவரே நிரப்பினார். நான்காவது வரிக்கு "உண்டு" என்று எழுதி, தவறுப் பதிவின் நகலை அதோடு குத்தினார். அக்காவிடம் நான் அதைச் சொன்னபோது, "உண்டுன்னுதானே எழுதணும்?" என்றார், அடுப்பின் கதவைச் சாத்திக்கொண்டே. அதற்குப் பிறகும் பாடங்களை விடவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. "எழுத விடலன்னா என்ன, பாதியில நிறுத்துன சினிமா மாதிரி இருக்குல்ல?"

ஒன்பது நாள் கழித்து மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. தவறுப் பதிவின் நகலில் இரண்டு கட்டங்களையும் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். ஓரத்தில் குறிப்பு: "இரு கட்டங்களிலும் ஒரே பெயர். எழுத்துப் பிழை. திருத்தி அனுப்பவும்."

மேடம் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சிவப்பு வட்டத்துக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: "பிழை இல்லை. இரண்டும் இவரே. இவரைத் தேர்வு எழுத விட வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள காரணமும் இதுவே." கையெழுத்து. முத்திரை. அன்றைய தபாலிலேயே போயிற்று.

அனுமதி வந்தபோது தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அக்கா நூற்றுக்கு அறுபத்து மூன்று வாங்கினார். ஆறாவது அத்தியாயத்திலிருந்து வந்த கேள்விக்கு முழு மதிப்பெண். ஐந்தாவதில் ஒன்றும் தேறவில்லை. "அதை மனப்பாடம் பண்ணேன் தம்பி, அதான் காலை வாரிடுச்சு" என்றார்.

இப்போது அவர் ஐந்தாம் மேசையில் நிற்கிறார். நான்காம் மேசையில் புதுசு. அந்தப் பெயர் மட்டும் இன்னும் பழசாகவில்லை. அக்கா செய்த முதல் தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் ஏதேதோ சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றோம். சிவப்பு நீலமானது. மூன்று முறையும் ஒரே அளவு. பூட்டு சார் வந்து கோட்டைக் குனிந்து பார்த்தார். சரி பார்ப்பதற்காகத் தன் அலமாரியைத் திறக்கவில்லை. அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

"இவ்வளவுதானா நடுவுல நடக்குறது?" என்றார் அக்கா நீலத்தைப் பார்த்தபடி. குரலில் ஏமாற்றம் இல்லை.

தன் ப்யூரெட்டை அக்கா இன்னும் தானேதான் கழுவுகிறார். தூரிகையைக் கோதுவதை விட்டுவிட்டார். சாயங்காலம் விரல்கள் கொஞ்ச நேரம் வேலையில்லாமல் தவிப்பது ஜன்னலிலிருந்து தெரியும்.

வெளிர்நீல ட்யூப் உள்ளே வரக் கூடாது என்று அவரே விதி போட்டுக்கொண்டார். அதனால் அது வாசலில், என் மேசை டிராயரில் இருக்கிறது. மற்ற மாதிரிகளோடு கலந்துவிடாமல் இருக்க அதற்கும் ஓர் எண் ஒட்டியிருக்கிறேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வந்து கையை நீட்டுவார்.

"என் மாதிரியைக் குடுங்க தம்பி."

எடுத்துக் கொடுப்பேன். ஒரு விரல் எடுத்து, வெடிப்பு வெடிப்பாகத் தேய்த்துக்கொண்டே படியிறங்கிப் போவார். பஸ் வரும்வரைக்கும் தேய்ப்பார். பஸ் வந்ததும் கம்பியைப் பிடிக்காமல், பக்கத்தில் நிற்கிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டே ஏறுவார்.